திரையில்லா சர்வருக்குத் தொலைவிலிருந்து நுழைய

தோட்ட அலுவலகத்தின் உபுண்டு சர்வரில் எக்ஸ்எஃப்சிஇ (இலகுவான வரைகலைத் திரைமுகப்பு), எக்ஸ்ஆர்டிபி (தொலைவிலிருந்து அத்திரையைத் திறக்கும் சேவை) இரண்டையும் நிறுவி, ‘சூடோ சிஸ்டம்சிடிஎல் எனேபிள் எக்ஸ்ஆர்டிபி’ (sudo systemctl enable xrdp) என்ற கட்டளையை ஒருமுறை கொடுத்து, மின்சாரம் திரும்பியதும் கணினி தானே இயங்கும்படி பயாஸிலும் (கணினியின் அடிப்படை அமைப்புப் பக்கம்) மாற்றிவிட்டால், மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மாலை இடிமழையால் மின்தடை ஏற்பட்ட பிறகும், வீட்டு விண்டோஸ் கணினியின் ரிமோட் டெஸ்க்டாப் வழியாகவே நுழைந்துவிடலாம். அதற்காக மழையில் தோட்டத்துக்கு வண்டியோட்ட வேண்டாம்.

கணினி எழும்போதே, சேவைகளை இயக்கும் நிரலான சிஸ்டம்டி எக்ஸ்ஆர்டிபி சேவையைத் தொடங்குவதால், அது 3389ஆம் போர்ட்டில் (இணைப்பு வாயில்) காத்திருக்கும். சர்வரின் முன் அமர்ந்து யாரும் கடவுச்சொல் இட வேண்டியதில்லை.

தொலைவிலிருந்து நுழையும் அதே பயனர், சர்வரில் திரை இணைத்து அதில் ஏற்கெனவே நுழைந்திருந்தால் பெரும்பாலும் கறுப்புத் திரையே தோன்றும். வட்டு முழுவதும் குறியாக்கம் செய்யப்பட்டு, எழும்போதே கடவுச்சொல் கேட்கும் சர்வருக்கும் இது உதவாது. 3389ஐ ரவுட்டரில் இணையத்துக்குத் திறந்துவிடவே கூடாது; வெளியிலிருந்து எஸ்எஸ்எச் சுரங்கம் (குறியாக்கம் செய்யப்பட்ட இணைப்பு) வழியாக மட்டுமே வாருங்கள்.