ஃபைபர் கேபிள் வேலைக்குப் புதிதாகப் போகிறீர்களா? முதல் ஆறு மாதத்தில் கை பழக வேண்டியவை

ஊருக்குள் இன்னும் ‘கேபிள்காரர்’ என்றுதான் பெயர். வேலைதான் மாறிவிட்டது. தாமிர ஒயரை உரித்து கனெக்டரைத் திருகிவிட்டு வந்த இடத்தில், இப்போது தலைமுடி அளவு கண்ணாடி இழையை வெட்டி ஒட்ட வேண்டியிருக்கிறது. இதில் ஹெல்ப்பராகச் சேர்ந்து பத்து வருடமும் ஏணி பிடித்துக்கொண்டே இருப்பவர்களும் உண்டு, ஒரே வருடத்தில் தனியாகக் கனெக்‌ஷன் கொடுக்கப் போகிறவர்களும் உண்டு. பெரும்பாலும் இரண்டாவது ஆள், இழையில் வரும் ஒளியை அளக்கும் பவர் மீட்டரைப் படிக்கக் கற்றுக்கொண்டவராக இருப்பார்.

எங்கே சேர்வது

தமிழ்நாட்டில் மூன்று வழிகள். முதலாவது, உங்கள் பகுதியின் கேபிள் ஆபரேட்டர். டிவியோடு இணையமும் கொடுப்பவராக இருந்தால் நல்லது. சம்பளம் குறைவு என்றாலும் எல்லா வேலையும் கைக்கு வரும். இரண்டாவது, பிஎஸ்என்எல், ஜியோ, ஏர்டெல் போன்ற நிறுவனங்களுக்கு ஊர்ப்பக்கம் வேலை எடுத்துச் செய்யும் காண்ட்ராக்டர்கள். இங்கே ஒரு நாளில் நிறைய வீடு பார்க்கலாம், ஆனால் செய்த வேலையையே திரும்பத் திரும்பச் செய்ய நேரும். மூன்றாவது, ஐடிஐ முடித்துவிட்டு அப்ரண்டிஸாகப் போவது. எலக்ட்ரீஷியன், ஒயர்மேன், எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் பிரிவுகள் இதற்குப் பொருந்தும். மூன்றும் இரண்டு வருடப் படிப்பு.

மத்திய அரசின் அப்ரண்டிஸ் தளத்தில் பதிவு செய்து ஒப்பந்தம் போட்டுச் சேர்ந்தால் உதவித்தொகைக்குச் சட்டப்படி ஒரு கீழ்வரம்பு உண்டு. 2019-இல் திருத்திய விதியில் பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு மாதம் 6,000 ரூபாய், ஐடிஐ சான்றிதழ் உள்ளவருக்கு 7,000 ரூபாய் என்று வைத்தார்கள். ‘அப்ரண்டிஸ்’ என்று வாயால் சொல்லி, ஒப்பந்தம் எதுவும் போடாமல் வேலை வாங்கினால் அதற்குப் பெயர் ஹெல்ப்பர் வேலை. அதிலும் தப்பில்லை, என்ன என்று தெரிந்து சேர வேண்டும்.

சேரும் முன் நான்கு கேள்விகளைக் கூச்சப்படாமல் கேளுங்கள். பெட்ரோல் யார் போடுவது? சேஃப்டி பெல்ட்டும் ஹெல்மெட்டும் தருவார்களா? கருவி உடைந்தால் யார் கணக்கு? இஎஸ்ஐ உண்டா? பத்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில், மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவருக்கு இஎஸ்ஐ பிடித்தாக வேண்டும். அது இல்லாத சின்ன இடம் என்றால், வங்கிக் கணக்கு வழியாக வருடம் 20 ரூபாய் கட்டி பிரதமர் சுரக்‌ஷா பீமா விபத்துக் காப்பீடாவது எடுத்துவிடுங்கள். 2 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். கம்பத்தில் ஏறுகிற வேலைக்கு இது போதாதுதான், வெறுங்கையோடு போவதற்கு இது மேல்.

இன்னொன்று, பலர் யோசிக்காதது: கண். ஃபைபரில் 12 நிறங்களைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். நிறக்குருடு லேசாக இருந்தால்கூட மங்கிய வெளிச்சத்தில் பழுப்பும் பச்சையும் குழம்பிவிடும். கண் மருத்துவரிடம் ஒருமுறை சோதித்துக்கொண்டு வேலைக்குப் போங்கள்.

கம்பம்

முதல் மாதம் உங்களுக்கு வேலை கீழேதான். கேபிள் உருளையை உருட்டுவது, கேபிளைத் தரையில் எட்டுப் போட்டு விரிப்பது, மேலே இருப்பவருக்குக் கயிறு கொடுப்பது. வட்டமாகச் சுற்றி வைத்தால் இழுக்கும்போது முறுக்கு விழும். எட்டு வடிவில் விரித்தால் ஒரு முறுக்கை அடுத்த முறுக்கு அவிழ்த்துவிடும். கேபிள் உறையில் மீட்டருக்கு மீட்டர் எண் அச்சாகியிருக்கும். தொடங்கும் எண்ணையும் முடியும் எண்ணையும் எழுதி வையுங்கள். பிறகு எங்கோ அறுந்தால், உடைந்த இடத்தைத் தேட அந்த எண்கள்தான் உதவும்.

கம்பத்திலிருந்து வீட்டுக்கு இழுக்கும் ட்ராப் ஒயரோடு ஒட்டிய இரும்புக் கம்பிதான் இந்த வேலையில் ஆளைக் கொல்வது. இழை கண்ணாடி, அதில் கரண்ட் பாயாது. இரும்புக் கம்பியில் பாயும். மின்கம்பத்தில் 230 வோல்ட் கம்பி மேலே ஓடும்போது, அதைத் தாண்டி ட்ராப் ஒயரை வீசி எறியும் பழக்கம் சில இடங்களில் உண்டு. யார் சொன்னாலும் செய்யாதீர்கள். ஒயர் தொங்கி அந்தக் கம்பியில் பட்டால் கீழே பிடித்திருப்பவர் கையில் கரண்ட். அலுமினிய ஏணி மின்கம்பத்துக்கு ஆகாது. மூங்கில் ஏணியோ ஃபைபர்கிளாஸ் ஏணியோதான். நான்கு அடி உயரத்துக்கு ஓர் அடி என்ற கணக்கில் ஏணியின் அடியைத் தள்ளி வையுங்கள். மழை பெய்துகொண்டிருந்தால் ஏறுவது இல்லை. வாடிக்கையாளர் எத்தனை முறை போன் செய்தாலும் சரி.

ரோட்டைக் கடக்கும் ஒயரை 18 அடிக்குக் குறையாமல் கட்டுங்கள். வைக்கோல் லாரி ஒன்று இழுத்துக்கொண்டு போனால் இரண்டு பக்கச் சுவரின் கொக்கியும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும். வீட்டுச் சுவரில் க்ளாம்ப் போட்டதும் இரும்புக் கம்பியை அங்கேயே பிரித்து வெட்டிவிடுங்கள், உள்ளே கொண்டுபோகாதீர்கள். சுவர் ஓட்டைக்குள் நுழையும் முன் ஒயரை ஒரு ஜாண் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றினால் மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

இழை

நிற வரிசையை மனப்பாடம் செய்யாமல் வேலை ஆகாது: நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல், வெள்ளை, சிவப்பு, கருப்பு, மஞ்சள், ஊதா, ரோஸ், ஆக்வா (வெளிர் நீலப்பச்சை). 24 இழை கேபிளில் இரண்டு டியூப் இருந்தால், இரண்டாவது டியூபின் நீலம் 13-ஆம் இழை. அப்படியே எண்ணிப் போகலாம்.

நீங்கள் தொடும் இழை பூச்சோடு சேர்த்து 250 மைக்ரான். பூச்சை உரித்தால் 125. வெளிச்சம் போகும் நடு மையம் 9 மைக்ரான்தான். உங்கள் விரலிலிருந்து ஒட்டும் ஒரு தூசு அதைவிடப் பெரியது. இந்த வேலையில் வரும் பாதி லாஸுக்கு, அதாவது ஒளி இழப்புக்கு, காரணம் இதுதான்.

இரண்டு இழைகளை உருக்கி ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷின் கையில் கிடைத்தால் இந்த ஒழுங்கை விடாதீர்கள். முதலில் ஒரு பக்கத்து இழையில், ஜாயிண்ட்டை மூடிக் காக்கும் ஸ்லீவைக் கோர்த்துவிடுங்கள். இதை மறந்து, ஜாயிண்ட் பிரமாதமாக விழுந்த பிறகு மறுபடி வெட்டாத ஆள் இந்தத் தொழிலில் கிடையாது. அடுத்து ஸ்ட்ரிப்பரைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து, ஒரே இழுப்பில் மூன்று, நான்கு சென்டிமீட்டர் பூச்சை எடுங்கள். 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை நூல் உதிராத தாளில் நனைத்துத் துடையுங்கள், கீச்சென்று சத்தம் வரவேண்டும். கை கழுவும் சானிடைசர் ஆகாது; அதில் தண்ணீரும் பிசினும் இருக்கும். துடைத்த பிறகுதான் க்ளீவரில் (இழையை நேராக வெட்டும் கருவி) வெட்டுவது, வெட்டிய பிறகு துடைக்கவே கூடாது, விரலால் தொடவும் கூடாது. நேரே மெஷினுக்குள். இழையின் முனை பள்ளத்தில் இழுபடாமல் மேலிருந்து இறங்க வேண்டும்.

மெஷின் திரையில் ஜாயிண்ட்டின் லாஸ் 0.02, 0.03 டிபி (ஒளி இழப்பைச் சொல்லும் அலகு) என்று வந்தால் நல்லது. 0.1-ஐத் தாண்டினால் மறுபடி வெட்டுங்கள். அந்த எண் மெஷின் படத்தைப் பார்த்துப் போடும் கணிப்பு, அளந்து சொல்வது அல்ல. வெட்டு கோணலாக இருக்கிறது என்று மெஷின் அடிக்கடி திட்டினால் குறை பெரும்பாலும் க்ளீவர் பிளேடில் இருக்கும். பிளேடை அடுத்த எண்ணுக்குத் திருப்புங்கள். ஸ்லீவ் சூடாகி வரும்போது உள்ளே குமிழி தெரிந்தால், அழுக்கு இருந்திருக்கிறது.

வெட்டி விழும் துண்டுகளை மூடியுள்ள ஒரு பாட்டிலில் போடுங்கள். தோலில் ஏறினால் கண்ணுக்குத் தெரியாது, எடுப்பதும் கஷ்டம். அதே மேசையில் டீயும் வடையும் வைக்காதீர்கள்.

மீட்டர்

பவர் மீட்டரை முதல் வாரத்திலேயே கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒரே இழையைப் பல வீடுகளுக்குப் பிரித்து இணையம் தரும் ஜிபான் முறையில் வீட்டுக்கு வரும் ஒளியின் அலைநீளம் 1490 நானோமீட்டர், வீட்டிலிருந்து போவது 1310. மீட்டரை 1490-இல் வையுங்கள். 850-இல் இருந்தால் வரும் எண் எதற்கும் உதவாது.

கணக்கு இப்படி. ஆபரேட்டர் அறையில் இருந்து எல்லா வீட்டுக்கும் ஒளி அனுப்பும் ஓஎல்டி என்ற கருவி +4 டிபிஎம் (ஒளியின் பவரைச் சொல்லும் அலகு) அனுப்புகிறது என்று வைப்போம். மூன்று கிலோமீட்டர் கேபிளில் சுமார் 1 டிபி போகும். ஒரு இழையின் ஒளியை எட்டாகப் பிரிக்கும் ஒன்றுக்கு எட்டு ஸ்ப்ளிட்டரில் சுமார் 10.5, அடுத்து ஒன்றுக்கு நான்கில் 7.2. நான்கு கனெக்டருக்கு 1.2, ஐந்து ஜாயிண்டுக்குக் கால் டிபி. மொத்தம் 20-க்குக் கொஞ்சம் மேல். ஆக, வீட்டில் -16 வரவேண்டும். நீங்கள் -25 படித்தால் மோடம் வேலை செய்யும், வாடிக்கையாளரும் கையெழுத்துப் போடுவார். ஆனால் 9 டிபி எங்கோ காணாமல் போயிருக்கிறது. ஜிபானில் பி பிளஸ் என்ற தர வகை மோடம்கள் -27 வரைதான் தாங்கும். வெயிலில் ஒயர் தளர்ந்தாலோ கனெக்டரில் தூசு ஏறினாலோ சிவப்பு விளக்கு மினுக்கும், மறுபடி அந்த வீட்டுக்கு நீங்கள்தான் போக வேண்டும். எதிர்பார்த்த எண்ணைத் தெரிந்துகொண்டு அளந்தால்தான் அளந்ததற்குப் பொருள்.

ஒரே இழையில் 1550-இல் டிவியும் வந்தால் சாதாரண மீட்டர் இரண்டையும் கூட்டிக் காட்டும். ‘பவர் அருமையாக இருக்கிறது, நெட் மட்டும் இல்லை’ என்ற புதிருக்கு இது ஒரு விடை. அந்த இடத்தில் அலைநீளத்தைப் பிரித்துப் பார்க்கும் பான் மீட்டர் வேண்டும்.

லாஸ் அதிகமென்றால் தேடும் வரிசை: முதலில் கனெக்டரைத் துடை, பிறகு வளைவைப் பார், பிறகு ஸ்ப்ளிட்டர் பெட்டியில் அளந்து பார். ஜாயிண்ட்டை வெட்டுவது கடைசி. இழைக்குள் சிவப்பு லைட் பேனாவை அடித்தால் உடைந்த இடத்தில் வெளிச்சம் கசியும். பேனாவின் முனையையோ வெறும் இழையின் நுனியையோ கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள். உள்ளே ஓடும் 1490 கண்ணுக்குத் தெரியாது, அதனால்தான் ஆபத்து.

வீட்டுக்குள்

மெஷின் இல்லாமல் இழை முனையில் மாட்டும் ஃபாஸ்ட் கனெக்டர் எளிதாகத் தெரியும், சொதப்புவதும் எளிது. உரிக்கும் நீளம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. பாக்கெட்டோடு வரும் அளவுகோலைத் தூக்கிப் போடாமல் அதன்படியே வெட்டுங்கள். இழையை உள்ளே தள்ளி, முனை முட்டியதும் லேசாக வில்லாக வளையவிட்டு, அதன் பிறகு பூட்ட வேண்டும். வளைவே இல்லை என்றால் முனை முட்டவில்லை, பவர் ஏறி இறங்கும். பச்சைக் கனெக்டரின் முகம் எட்டு டிகிரி சாய்வு, நீலம் அப்படி இல்லை. பச்சையை நீலத்தில் செருகினால் உள்ளே போகும், ஆனால் இடையில் காற்று நின்று பவர் விழும், முகமும் கெடும்.

வீட்டுக்குள் போடும் ஏ2 வகை இழை 7.5 மில்லிமீட்டர் ஆரம் வரை வளைவைத் தாங்கும். தெருவில் ஓடும் பழைய வகைக்கு 30 மில்லிமீட்டர் வேண்டும். ஆகவே மிச்ச ஒயரை டம்ளர் அகலத்துக்குக் குறையாமல் சுற்றுங்கள். ஆணி க்ளிப்பை நசுங்கும்படி அடிக்காதீர்கள். கதவு இடுக்கு வழியாகக் கொண்டுபோகச் சொல்லும் வீட்டுக்காரரிடம், சுவரில் ஓர் ஓட்டை போட்டால் காலத்துக்கும் நிற்கும் என்று பொறுமையாகச் சொல்லுங்கள்.

கேமரா, அலுவலக லேன் வேலையும் இதோடு சேர்ந்து வரும். லேனுக்குப் போடும் கேட் 6 தாமிர ஒயர் ஓட்டம் 90 மீட்டருக்குள். முனையில் ஜோடி ஒயர்களின் முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது. கனெக்டரில் ஒயர்களை வைக்கும் 568பி நிற வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. விலை மலிந்த பெட்டி என்றால் உள்ளே தாமிரம் பூசிய அலுமினியமா என்று சுரண்டிப் பாருங்கள், வெள்ளையாகத் தெரியும். ஒயர் வழியே கரண்ட் எடுக்கும் கேமராவுக்கு அது ஆகாது, தூரம் கூடினால் இரவில் அகச்சிவப்பு விளக்கு எரியும் நேரத்தில் கேமரா அணைந்து அணைந்து வரும்.

ஒவ்வொரு கனெக்‌ஷன் முடிந்ததும் ஒரு நோட்டில் ஐந்து விஷயம் எழுதுங்கள்: தேதி, பெட்டி எண், ஸ்ப்ளிட்டர் போர்ட், ஒயரில் அச்சான மீட்டர் எண், வீட்டில் வந்த பவர். அதே போர்ட் எண்ணை ஒயரின் இரு முனையிலும் டேக் கட்டுங்கள். அழியாத மார்க்கர் என்று விற்பதும் வெயிலில் ஒரு வருடத்தில் வெளுத்துவிடும், அச்சடித்த டேக் நிற்கும். ஆறு மாதம் கழித்து ஒரு தெருவே விழுந்து, எட்டுப் பேர் ஒரே நேரத்தில் போன் செய்யும் நாளில், எந்த ஸ்ப்ளிட்டர் போயிருக்கிறது என்று அந்த நோட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். கம்பம் கம்பமாக ஏற வேண்டாம்.