மூணு நாள், எட்டுப் பேர், ஒரு ஓட்டு வீடு: மார்த்தாண்டத்தில் ஸ்பிரிண்ட் நடத்திய கணக்கு

ஆளும் 22, அடைபட்ட போர்ட்டும் 22. நான் ஏற்பாடு செய்த முதல் ஸ்பிரிண்டை, அதாவது கட்டற்ற மென்பொருள் எழுதுகிறவர்கள் கூடி வேலை செய்யும் முகாமை, இந்த ஒரு வரியில் சொல்லிவிடலாம். நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகம் கிடைத்தது. ஏசி உண்டு, புரொஜெக்டர் உண்டு, மாலை சாயாவும் உண்டு. ஆனால் அங்கிருந்த வலையமைப்பில் எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பு போகும் வாசலான 22-ஆம் போர்ட்டை அடைத்து வைத்திருந்தார்கள். எழுதியதை கிட் என்ற நிரல் கிடங்கில் ஏற்ற வழியில்லை. அது தெரியவந்ததே மாலை நாலு மணிக்குத்தான். அதுவரை இருபத்திரண்டு பேரும் ஒரே இணைப்பில் ஒரே மூலநிரலை இறக்கிக்கொண்டிருந்தோம்.

அதற்கு அடுத்ததை மார்த்தாண்டத்தில் மாமா வீட்டில் வைத்தேன். எட்டே பேர். அது நன்றாக நடந்தது. அதில் கற்றதைத்தான் எழுதுகிறேன். நாங்கள் வேலை செய்தது கேடிஇ மேசைத்தளத்தில், அதாவது லினக்ஸ் கணினியில் திரையையும் செயலிகளையும் தரும் கட்டற்ற மென்பொருளில். குனோமோ வேறு எதுவோ ஆனாலும் பெரிய வித்தியாசம் இருக்காது.

ஐடி கம்பெனிகளில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓடவிடுவார்களே, அந்த ஸ்பிரிண்ட் இல்லை இது. ஆளுக்கொரு ஊரில் இருந்து திரையில் மட்டும் பழகியவர்கள் இரண்டு மூன்று நாள் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து வேலை பார்ப்பது. நிரல் எழுத ஒரே இடத்தில் கூட வேண்டியதில்லை, அதை அவரவர் வீட்டிலேயே எழுதலாம். வாரக்கணக்கில் எழுத்தில் இழுபட்டுக் கிடக்கும் முடிவுகளை முகம் பார்த்து எடுக்கத்தான் கூடுகிறோம். சுவிட்சர்லாந்தில் ராண்டா என்று ஒரு மலைக்கிராமம். கேடிஇக்காரர்கள் பல ஆண்டுகள் அங்கே கூடினார்கள். 2011-இல் அங்கே உட்கார்ந்து, தங்கள் நூலகங்களைத் தனித்தனித் துண்டுகளாகப் பிரிப்பது என்று திட்டம் போட்டார்கள். அது கேடிஇ ஃபிரேம்வொர்க்ஸ் 5 ஆக வெளிவந்தது 2014-இல். முடிவுக்குச் சில நாள், வேலைக்கு மூன்று ஆண்டு.

ஆகவே முதல் வேலை, என்ன முடிவெடுக்கப் போகிறோம் என்று எழுதுவது. ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. "தமிழ் ஆதரவை மேம்படுத்துதல்" என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. எங்கள் குழுவில் ஒருவருக்கு டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தில், தமிழைச் சரிசெய்ய வேண்டும் என்று வெறி. டெர்மினல் திரையைச் சம அளவுக் கட்டங்களாகப் பிரிக்கும். 'கொ' என்ற எழுத்தில் ஒற்றைக்கொம்பு இடப்பக்கம், கால் வலப்பக்கம், நடுவில் 'க'. இதற்கு எத்தனை கட்டம் ஒதுக்குவது? கர்சர் எங்கே நிற்பது? அருமையான கேள்விதான், ஆனால் அது மூணு நாளில் தூர் வாரக்கூடிய கிணறு இல்லை. அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிக் குறிப்பெடுப்பதோடு நிறுத்திக்கொண்டோம்.

சின்ன வேலைகளைப் பொறுக்க, கேடிஇயின் முதன்மை மேசைத்தளமான பிளாஸ்மாவில் 2022-இல் தொடங்கிய ஒரு யோசனையைக் கடன் வாங்கலாம். புதிதாக ஒருவர் கணினியைத் தொட்டுப் பதினைந்து நிமிடத்துக்குள் கண்ணில் படும் பிழைகளுக்குத் தனிப் பட்டியல் போட்டார்கள். நாங்களும் அப்படியே செய்தோம். தட்டச்சுப் பயிற்சி நிலையம் நடத்தும் பக்கத்து வீட்டு அக்காவிடம் மடிக்கணினியைக் கொடுத்து, தமிழ்99 விசைப்பலகையில் ஒரு கடிதம் அடித்துச் சேமிக்கச் சொன்னோம். பதினைந்து நிமிடத்தில் பதினொரு இடத்தில் முகம் சுளித்தார். அந்தப் பதினொன்றுதான் எங்கள் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயர். பெயர் இல்லாத வேலையை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

அடுத்தது பில்ட், அதாவது மூலநிரலைத் தொகுத்து ஓடும் செயலியாக்குவது. இதில் நான் கண்டிப்பானவன். ஸ்பிரிண்டுக்குப் பத்து நாள் முன்பு, தாங்கள் வேலை செய்யப்போகும் செயலியைச் சொந்தக் கணினியில் தொகுத்து, "அபௌட்" பக்கத்தில் தங்கள் பெயர் தெரியும்படி ஒரு மாற்றம் செய்து, அந்தத் திரையைப் படம் பிடித்து எனக்கு அனுப்ப வேண்டும். அனுப்பாதவரை நானே போனில் கூப்பிடுவேன். கேடிஇயில் இதற்குக் கேடிஇ-பில்டர் என்ற கருவி இருக்கிறது. 'கேட்' என்ற உரைத்திருத்தி வேண்டும் என்றால் அது சார்ந்திருக்கும் நூலகங்களையும் சேர்த்து வரிசையாக இறக்கித் தொகுத்துவிடும். முதல் தடவை ஒரு ராத்திரி போய்விடும். எட்டு ஜிபி ராம் உள்ள கணினியில் ஒரே நேரத்தில் நாலு கோப்புக்கு மேல் தொகுக்க விட்டால் கணினி உறைந்துவிடுகிறது, இது என் அனுபவம். கிட்டில் ஏற்றியதைப் பார்த்துச் சேர்க்கும் தளமான கிட்லேபில் கணக்கு, எஸ்எஸ்எச் சாவி எல்லாம் அதற்குள் தயாராக இருக்க வேண்டும். அப்படியும் ஒருவர் வெறும் கையோடு வருவார். அவருக்காக மூலநிரல் முழுவதையும் ஒரு வெளி வட்டில் வைத்திருங்கள்.

மொழிபெயர்ப்பாளர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. கேடிஇயின் மொழிபெயர்ப்புக் கோப்புகள் இன்னும் சப்வெர்ஷன் என்ற பழைய கிடங்கில்தான் இருக்கின்றன. மொழிபெயர்ப்புக்கான லோகலைஸ் செயலி போதும்.

தேதி பார்ப்பது எங்கள் மாவட்டத்தில் ஒரு தனிக்கலை. இரண்டு பருவமழையும் எங்களுக்கு உண்டு. ஜூன், ஜூலை, அக்டோபர், நவம்பர் வேண்டாம். நவம்பரிலிருந்து பொங்கல் வரை கன்னியாகுமரியில் ஐயப்ப சீசன், லாட்ஜ் வாடகை ஏறிவிடும். டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழா, அப்புறம் கிறிஸ்துமஸ். மாசிக் கொடைக்கு மண்டைக்காடு போகும் பஸ்களில் கால் வைக்க இடம் கிடையாது. எனக்குத் தோதாகப் பட்டது பொங்கல் கழிந்து வரும் மூன்று நான்கு வாரம்தான். ரயிலுக்கு இப்போது 60 நாள் முன்பிருந்துதான் முன்பதிவு, ஆகவே நவம்பரிலேயே தேதியை உறுதி செய்துவிடுங்கள். குழித்துறை நிலையத்தில் எல்லா வண்டியும் நிற்காது, நாகர்கோவிலில் இறங்கி மார்த்தாண்டம் பஸ் பிடிக்க வேண்டிவரும் என்பதையும் முதலிலேயே சொல்லிவையுங்கள். விமானத்தில் வருகிறவர்களுக்குத் திருவனந்தபுரம்.

இடம். மண்டபம், கல்லூரி எதுவும் வேண்டாம், வீடு போதும். ராத்திரி பதினோரு மணிக்கு "பூட்டணும்" என்று யாரும் வந்து நிற்க மாட்டார்கள். மாமா குடும்பம் கல்ஃபில், ஓட்டு வீடு சும்மா கிடந்தது. கேட்டதும் அவர் திருப்பிக் கேட்ட ஒரே கேள்வி, "எல்லாருக்கும் கெடக்கப் பாய் உண்டா மக்கா?" என்பதுதான். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, கரண்ட் போனால் எவ்வளவு நேரம் தாங்கும் என்பது. வீட்டில் 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று. பன்னிரண்டு வோல்ட்டால் பெருக்கினால் 1800 வாட்-மணி, இழப்பு போக 1400 என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மடிக்கணினி, ஒவ்வொன்றும் 65 வாட் சார்ஜர், ஆக 520. அதோடு மின்விசிறி, ரவுட்டர். சுமார் இரண்டு மணி நேரம். அதுவும் பேட்டரி புதிதாக இருந்தால். கரண்ட் போனதும் தொகுப்பு வேலையை நிறுத்து என்று சுவரில் எழுதி ஒட்டினோம்.

இணையத்துக்கு வீட்டு ஃபைபர், கூடவே வேறொரு நிறுவனத்தின் சிம் போட்ட போன் ஒன்று. ஒரு வாரம் முன்பே அங்கே போய் உட்கார்ந்து, ஒரு சின்ன மாற்றத்தை கிட்டில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள். எட்டு போர்ட் கிகாபிட் சுவிட்ச் ஒன்றும் கேபிள்களும் வாங்குங்கள். அது இருந்தால் ஐஸ்கிரீம் ஓட்டலாம். சாப்பிடுகிற ஐஸ்கிரீம் இல்லை, லினக்ஸ் நிறுவனமான சூஸே உருவாக்கிய கருவி அது. ஒருவர் கணினியில் நடக்கும் தொகுப்பைப் பிரித்து, சும்மா இருக்கும் மற்ற கணினிகளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கும். ஒரு கணினியில் வேலையைப் பங்கிடும் ஷெட்யூலர், மற்றவற்றில் பின்னணியில் ஓடி அதை வாங்கிச் செய்யும் டீமன், எல்லாவற்றிலும் ஃபயர்வாலைத் திறந்துவிட வேண்டும். முதல் நாள் காலை அது ஓடவில்லை. "ஐஸ்கிரீம் ஓடல, ஐஸ்கிரீம் ஓடல" என்று நாங்கள் கத்திக்கொண்டிருக்க, சமையலுக்கு உதவ வந்த சித்தி, "பிரிட்ஜ்ல வைக்காம வெளிய வச்சா பின்ன ஓடாமலா இருக்கும்?" என்றார். அவர் சொன்னது உருகி ஓடுவதை. எங்களுடையது மதியத்துக்கு மேல்தான் ஓடியது.

ஒரு நாளின் கணக்கு இது. காலை ஒன்பதரைக்கு எல்லோரும் நின்றபடி ஆளுக்கு இரண்டு வரி. ஒன்றரை வரை சத்தமில்லாத வேலை. மதியம் இரண்டு மணி என்பது குளிர்காலத்தில் பெர்லினில் காலை ஒன்பதரை. நாம் அனுப்பும் மாற்றங்களைப் பார்க்க வேண்டிய பராமரிப்பாளர்கள் பலர் அந்த நேர மண்டலத்தில்தான் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லி, அந்த மூன்று பிற்பகலும் நமக்காக ஒதுக்கச் சொல்லுங்கள். அனுப்பியது அன்றைக்கே சேர்க்கப்படுவதைப் பார்க்கும் புதியவர் அடுத்த மாதமும் வேலை செய்வார். ஆனால் இரண்டு மணிக்குக் கண் திறந்திருக்க வேண்டுமே. முதல் நாள் மதியம் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் போட்டுவிட்டேன். மூன்றரை வரை திண்ணை முழுக்கக் குறட்டை. கிழங்கை இரவுக்கு மாற்றுங்கள். மதியத்துக்குச் சோறும் அவியலும் போதும், இடையில் கொறிக்க மட்டிப்பழக் குலை ஒன்று கட்டித் தொங்கவிடுங்கள்.

சொல் விவாதத்துக்கு ஒரு மணி நேரம், கடிகாரம் வைத்து. 'அடைவு', 'கோப்புறை', பேசாமல் 'ஃபோல்டர்' என்று மூன்று கட்சி ஆகிவிட்டது. தீராமல் போகவே, இரண்டாம் நாள் மாலை எல்லோரையும் மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குக் கூட்டிப்போனேன். 1966-இல் பரளியாற்றின் மேல் கட்டியது. அந்த ஒடுங்கிய நடைபாதையில் இரண்டு பேருக்கு மேல் சேர்ந்து நடக்க முடியாது. கட்சித் தலைவர்கள் இருவரும் முன்னால் போனார்கள். திரும்பி வரும்போது 'கோப்புறை' முடிவாகியிருந்தது.

பணத்தைப் பொறுத்தவரை, கேடிஇக்குப் பின்னால் ஜெர்மனியில் 1997 முதல் கேடிஇ இ.வி. என்ற சங்கம் இருக்கிறது. ஸ்பிரிண்டுக்கு வரும் பங்களிப்பாளர்களின் பயணத்துக்கும் தங்குமிடத்துக்கும் உதவி கேட்கலாம். டிக்கெட் எடுப்பதற்கு முன்பே கேட்க வேண்டும், முடிந்ததும் என்ன செய்தோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். சின்ன ஸ்பிரிண்டுக்கு அதுகூட வேண்டியதில்லை. நாங்கள் சாப்பாட்டையும் சுவிட்சையும் எட்டாகப் பிரித்துக்கொண்டோம்.

மூன்றாம் நாள் புதிதாக எதையும் தொடாதீர்கள். பதினொரு மணிக்கு மேல் பாதியில் நிற்பதை எல்லாம் வரைவாகவாவது ஏற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் அது அவரவர் மடிக்கணினியிலேயே செத்துப்போகும். எங்கள் பதினொன்றில் ஐந்து சேர்ந்துவிட்டது, நான்கு வரைவு. ஒன்று பிழையே இல்லை, அக்காவின் விசைப்பலகையில் ஒரு விசை பழுது. மிச்சம் ஒன்றில் என் பெயர்தான் இருந்தது, இன்னும் இருக்கிறது. அறிக்கையை ரயில் ஏறுவதற்கு முன்பே, சாயா குடித்தபடி எட்டுப் பேரும் ஒரே கோப்பில் எழுதி முடித்தோம். பாய்களை எண்ணி அலமாரியில் வைத்துவிட்டு மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். ஒன்பது பாயில் ஒன்று குறைகிறது என்று அவர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.