சர்வரின் சாவி யார் கையில்? பயனர்களுக்கு நிஜமான ஓட்டுரிமை கொடுக்க ஒரு வழிகாட்டி

ஃபேஸ்புக்கில் ஒரு காலத்தில் நமக்கெல்லாம் ஓட்டுரிமை இருந்தது, தெரியுமா? 2009-இல் விதிமுறைகளை மாற்றப் போய் பெரிய எதிர்ப்பு கிளம்பியதும், பயனர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யலாம் என்று ஓர் ஏற்பாடு கொண்டுவந்தார்கள். முன்மொழிந்த மாற்றத்துக்கு 7,000 பேர் கருத்து எழுதினால் வாக்கெடுப்பு நடக்கும். ஆனால் அந்த முடிவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்த வேண்டுமென்றால் மொத்தப் பயனர்களில் 30 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டிருக்க வேண்டும். 2012 டிசம்பரில் இந்த ஓட்டுரிமையையே எடுத்துவிடும் திருத்தம் ஓட்டுக்கு வந்தது. சுமார் 6,68,000 பேர் போட்டார்கள், அதில் 88 சதவீதம் பேர் திருத்தத்தை எதிர்த்தார்கள். தேவைப்பட்டதோ ஏறக்குறைய 30 கோடி ஓட்டு. அத்தோடு ஓட்டுரிமை போச்சு.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம், நாமே சின்ன அளவில் ஒரு சேவை நடத்தும்போதும் இதே தப்பைத்தான் செய்கிறோம். ஒரு வாக்கெடுப்புப் பெட்டியை வைத்துவிட்டால் ஜனநாயகம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். ஓட்டு கடைசியில் வர வேண்டிய விஷயம். அதற்கு முன்னால் சாவி.

இருநூறு பேர் இருக்கிற ஒரு மாஸ்டடான் சர்வரை மனதில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மாஸ்டடான் என்பது ட்விட்டர் மாதிரி ஒரு சமூக வலைத்தளம், ஆனால் ஒரே நிறுவனத்திடம் இல்லாமல், வேறு வேறு ஆட்கள் நடத்தும் பல சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். கோப்புச் சேமிப்பு, அரட்டை என்று எதை நடத்தினாலும் பெரும்பாலும் இதேதான்.

முதல் வேலை: ஒரு தாளை எடுத்து, இந்தச் சேவையை நாளைக்கே இழுத்து மூட யாரால் முடியும் என்று எழுதுங்கள். டொமைன் (சேவையின் இணைய முகவரிப் பெயர்) யார் பெயரில் இருக்கிறது, எந்த மெயிலில் பதிந்தது, எந்தக் கார்டில் பணம் போகிறது, சர்வரில் எதையும் செய்யவிடும் ரூட் பாஸ்வேர்ட் யாருக்குத் தெரியும், பேக்கப் எங்கே போகிறது, சந்தாப் பணம் யார் வங்கிக் கணக்கில் விழுகிறது. எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வந்தால், நீங்கள் எத்தனை ஓட்டு வைத்தாலும் அந்த ஒருவர் மனது வைத்தால்தான் நடக்கும். அவர் தங்கமான மனிதராகவே இருக்கட்டும், பிரச்சினை அது இல்லை.

எங்கள் சர்வரில் அந்தத் தங்கமான மனிதர் துபாய்க்கு வேலைக்குப் போனார். டொமைன் அவருடைய பழைய மெயிலில், பழைய டெபிட் கார்டில். கார்டு காலாவதியானது, புதுப்பிக்கச் சொன்ன மெயில்கள் ஸ்பாமில் கிடந்தன, ஒரு சனிக்கிழமை காலை சர்வர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் பெயரைத் தட்டினால் எதுவும் வரவில்லை. மாஸ்டடானில் டொமைன்தான் உங்கள் முகவரியின் பாதி. பின்னால் அதை மாற்றிக்கொள்ளவும் முடியாது. காலாவதிக்குப் பிறகும் புதுப்பிக்கத் தரும் சலுகைக் காலம் மிச்சம் இருந்ததால் நான்கு நாளில் மீட்டோம். அந்த நான்கு நாளும் இருநூறு பேருக்கும் முகவரி இல்லை.

இது எங்களைப் போன்ற அரைகுறைகளுக்கு மட்டும் நடப்பதில்லை. ஃப்ரீநோட் என்ற அரட்டை வலையமைப்பைப் பல வருடம் ஓட்டியது தன்னார்வலர்கள்தான். பெயரும் டொமைனும் வேறு கையில் இருந்தன. 2021 மே மாதம் தகராறு முற்றியபோது ஊழியம் பார்த்தவர்கள் கூட்டமாக வெளியேறி லிபெரா சாட் என்று புதிதாகத் தொடங்க வேண்டியதாயிற்று. இந்த முறை ஸ்வீடனில் லாபநோக்கற்ற சங்கமாகப் பதிவு செய்துகொண்டார்கள்.

அதனால் சாவியைப் பிரியுங்கள். பல கோயில்களில் உண்டியலுக்கு ஒன்றுக்கு மேல் பூட்டு இருக்கும், சாவிகள் வேறு வேறு ஆள் கையில் இருக்கும், எல்லாரும் வந்தால்தான் திறக்கும். அதே கதைதான். டொமைனைத் தனி ஆளின் மெயிலிலிருந்து பொதுவான ஒரு மெயிலுக்கு மாற்றுங்கள், அந்த மெயிலுக்குள் மூன்று பேர் போக முடியட்டும். பணம் பொருளாளரிடம், சர்வர் அட்மினிடம், இரண்டும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. மாஸ்டடான் தன் இணையதளத்தில் பரிந்துரைக்கும் சர்வர்களுக்கு வைத்திருக்கிற நிபந்தனைகளிலேயே, தினசரி பேக்கப், அவசரத்துக்கு உள்ளே போக இன்னொரு ஆள், மூடுவதானால் மூன்று மாத முன்னறிவிப்பு, எல்லாம் இருக்கிறது. இது அடிமட்டம். இதற்குக் கீழே போகாதீர்கள்.

சட்டப்படி ஒரு அமைப்பு தேவையா என்றால், மாதம் ஐந்நூறு ரூபாய் சமாச்சாரத்துக்குத் தேவையில்லை. பணம் சேர ஆரம்பித்தால் தேவை. தமிழ்நாட்டில் 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். வருடா வருடம் கணக்குத் தாக்கல் செய்கிற தொல்லை உண்டு, ஆனால் அந்தத் தொல்லைதான் இங்கே நமக்கு வேண்டியதும்.

அடுத்தது வாக்காளர் பட்டியல். லாகின் வைத்திருப்பவருக்கெல்லாம் ஓட்டு என்று சொல்லாதீர்கள். சண்டை வரும் நாளில் ஒருவரே பத்து லாகின் போட்டுக்கொண்டு வருவார். சோஷியல்.கூப் என்று 2017-இலிருந்து கூட்டுறவாக நடக்கும் மாஸ்டடான் சர்வர் ஒன்று இருக்கிறது. அங்கே சந்தா கட்டும் உறுப்பினர்கள் லூமியோ என்ற கருவியில் பேசி முடிவெடுக்கிறார்கள், வரவு செலவு ஓப்பன் கலெக்டிவ் தளத்தில் எல்லாரும் பார்க்கும்படி கிடக்கிறது. நாங்கள் அதைக் கொஞ்சம் இளக்கி, மூன்று மாதம் ஆனவர், ஏதாவது ஒரு தொகை கட்டியவர் அல்லது ஏதாவது ஒரு வேலை செய்து கொடுத்தவர் என்று வைத்தோம். மாணவர்களை இப்படித்தான் உள்ளே வைத்திருக்க முடிந்தது. ஆயிரம் கட்டினாலும் ஐம்பது கட்டினாலும் ஒரே ஓட்டு. இதில் மட்டும் யாருக்காகவும் இறங்கி வராதீர்கள்.

கோரம், அதாவது ஒரு முடிவு செல்ல வேண்டுமானால் குறைந்தது எத்தனை பேர் ஓட்டுப் போட்டிருக்க வேண்டும் என்ற கணக்கு. தமிழில் இந்தச் சொல் ஏன் இப்படி ஒலிக்கிறதோ, அதைக் கையாள்பவர்களின் நிலைமையும் பல சமயம் கோரம்தான். சதவீதத்தில் வைத்தால் ஃபேஸ்புக் கதை நடக்கும், ஆள் கூடக் கூட யாராலும் எட்ட முடியாது. டெபியன் லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தைத் தன்னார்வலர்களாகச் சேர்ந்து உருவாக்கும் ஆட்கள் 1998-இலிருந்து எழுத்து வடிவில் ஓர் அரசியல் சாசனமே வைத்திருக்கிறார்கள், அதில் கணக்கு வேறு மாதிரி: உறுப்பினர் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தில் பாதி, பொதுத் தீர்மானத்துக்கு அதைப் போல மூன்று மடங்கு. 1,000 பேருக்கு 48 ஓட்டு, 200 பேருக்கு 22 ஓட்டு போதும். சபை பெருகும்போது தேவைப்படும் விகிதம் தானாகக் குறைகிறது. அங்கே வருடா வருடம் தலைவர் தேர்தல், ஓட்டுச்சீட்டில் வேட்பாளர்களை வரிசைப்படுத்த வேண்டும், 'இவர்களில் யாரும் வேண்டாம்' என்பதும் எப்போதும் ஒரு வரி. நம் ஊர் நோட்டா மாதிரி சும்மா மனக்குறையைக் கொட்டுகிற இடம் இல்லை, அது ஜெயித்தால் தேர்தலையே திரும்ப நடத்த வேண்டும். அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம், எல்லாவற்றுக்கும் ஓட்டு வைக்காதீர்கள். மூன்றாம் வாரத்திலேயே ஆள் வருவது நின்றுபோகும், மிச்சம் இருக்கிற நான்கு பேர் எல்லாருடைய பெயரிலும் முடிவெடுப்பார்கள். நாங்கள் ஓட்டுக்கு வைத்தது இவ்வளவுதான்: விதிகள், பட்ஜெட், பொறுப்பாளர்கள், இன்னொரு சர்வரை முழுசாகத் தடை செய்வது. மற்றதெல்லாம் பொறுப்பாளர் முடிவு. இரவு இரண்டு மணிக்கு யாரோ ஒருவர் கேவலமான படத்தைப் போட்டால் மாடரேட்டர் உடனே தூக்கட்டும், கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். ஆனால் மூன்று நாளுக்குள் என்ன செய்தார், ஏன் என்று பதிவேட்டில் எழுத வேண்டும், தூக்கப்பட்டவர் முறையிட்டால் சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுத்த ஐந்து உறுப்பினர்கள் விசாரிப்பார்கள். குலுக்கல் வேடிக்கையாக இருக்கும். அதைப் போல நம்பிக்கை தந்தது வேறெதுவும் இல்லை, ஏனென்றால் முடிவெடுத்தது அட்மினின் நண்பர்கள் கூட்டம் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

தீர்மானத்தை எப்படி எழுதுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். படங்கள் பிரச்சினை பற்றி என்ன செய்யலாம் என்று கேட்டால் நாற்பது பதில் வரும், முடிவு வராது. எங்களுடையது ஒன்று இப்படி இருந்தது: "தீர்மானம் 7. படச் சேமிப்புக்கு மாதம் ரூ. 900 கூடுதல் செலவு, ஏப்ரல் 1 முதல் ஆறு மாதத்துக்கு. பணம் இருப்பிலிருந்து. செய்ய வேண்டியவர் சர்வர் பொறுப்பாளர். நிறைவேறாவிட்டால் பிற சர்வர்களிலிருந்து வரும் படங்கள் ஏழு நாளுக்குப் பிறகு நீக்கப்படும். விவாதம் ஏழு நாள், ஓட்டு ஐந்து நாள்." என்ன, எவ்வளவு, யார், எப்போது வரை, தோற்றால் என்ன. அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள், அது இருந்தால்தான் வேண்டாம் என்று ஓட்டுப் போடுபவருக்கும் தான் எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று தெரியும். பொங்கல், தீபாவளி வாரத்தில் ஓட்டு வைக்காதீர்கள் என்பதையும் விதியாகவே எழுதிவிடுங்கள். சிலர் வேண்டுமென்றே வைப்பார்கள்.

இவ்வளவு செய்த பிறகும் பெரும்பான்மை உங்களுக்கு எதிராகப் போகலாம், அட்மின் தீர்மானத்தை மதிக்காமலும் போகலாம். அப்போது கையில் இருக்கிற ஒரே ஆயுதம் வெளியேறும் வசதி. 2002 பிப்ரவரியில், விளம்பரம் வரக்கூடும் என்ற பேச்சு எழுந்ததும் ஸ்பானிஷ் விக்கிப்பீடியாவின் பங்களிப்பாளர்கள் பலர் கட்டுரைகளை எடுத்துக்கொண்டு செவில் பல்கலைக்கழகத்தின் சர்வருக்குப் போய் தனிக் கலைக்களஞ்சியம் தொடங்கினார்கள். உரிமம் அனுமதித்தது, அதனால் போக முடிந்தது. விக்கிப்பீடியாவில் இன்று வரை விளம்பரம் இல்லை. மாஸ்டடானில் வேறு சர்வருக்கு மாறும்போது பின்தொடர்பவர்களைக் கூட்டிக்கொண்டு போகலாம், பதிவுகள் மட்டும் வராது, அவற்றின் நகலைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளலாம். புது உறுப்பினர் சேரும் அன்றே இதைக் காட்டிக் கொடுங்கள், கோபத்தில் இருக்கும்போது யாருக்கும் பட்டனைத் தேடப் பொறுமை இருக்காது.

கூட்டாகப் போக வேண்டி வந்தால்? அதற்குத்தான் வருடத்தில் ஒருநாள் ஒத்திகை. அட்மின் அல்லாத ஒருவர், பேக்கப்பை மட்டும் வைத்துக்கொண்டு, காலியான ஒரு சர்வரில் எல்லாவற்றையும் எழுப்ப வேண்டும், அட்மின் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்கக் கூடாது. எங்கள் முதல் ஒத்திகையில் டேட்டாபேஸ் அழகாக ஏறியது, பதிவுகள் வந்தன, எல்லாரும் கைதட்டினோம். அப்புறம் இரண்டு அடுக்குப் பாதுகாப்பு போட்டிருந்த ஒருவரால்கூட உள்ளே வர முடியவில்லை. ரகசிய விசைகள் இருக்கிற அந்த ஒரே ஒரு சின்ன செட்டிங்ஸ் கோப்பு பேக்கப்பில் சேரவே இல்லை, அது அட்மினின் லேப்டாப்பில் மட்டும் இருந்தது. அன்று மாலையே தீர்மானம் 12 போட்டு அதன் நகலை மூன்று பேரிடம் கொடுத்தோம். எதிர்த்து ஓட்டுப் போட்டவர் ஒருவர், அவர் எல்லாவற்றையும் எதிர்ப்பார்.