16 இஞ்ச் அலாய் போட்ட ஸ்விஃப்டுக்கு ஸ்பிரிங் தேர்வு செய்வது எப்படி?

15 இஞ்ச் சக்கரத்தைக் கழற்றி 16 இஞ்ச் அலாய் போட்டதும், டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் கண்ணை உறுத்தும். அதை மட்டும் பார்த்து 40 மில்லிமீட்டர் தாழ்த்தும் ஸ்பிரிங்கை வாங்கிவிட்டேன். குடும்பத்தோடு ஊருக்குப் போன முதல் பயணத்தில், திண்டிவனம் தாண்டி ஒரு வேகத்தடையில் பின்பக்கம் தட்டென்று இடித்தது. இறங்கிப் பார்த்தபோது பின் டயரின் தோளில் விரல் அகலத்துக்கு ரப்பர் சீவப்பட்டிருந்தது. இப்போது என் காரில் இருப்பது 25 மில்லிமீட்டர் தாழ்த்தும் ஸ்பிரிங். அந்த அளவை எப்படிக் கண்டேன் என்பதைச் சொல்கிறேன். ஜாக்கி வைக்கவும் சக்கரம் கழற்றவும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் விவரக்குறிப்பிலிருந்து விலகும் மாற்றங்களைத் தடுக்கிறது. ஆகவே பணம் கட்டும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டுவிடுங்கள்.

1. டயர் கணக்கு

டயரில் எழுதியிருக்கும் 185/65 R15 என்பதில் 185 மி.மீ. அகலம், 65 அந்த அகலத்தில் பக்கச்சுவர் எத்தனை சதவீதம் என்பது, 15 ரிம்மின் விட்டம் இஞ்சில். அந்த டயரின் மொத்த விட்டம் 621.5 மி.மீ. 195/55 R16 டயருக்கு 620.9. கிட்டத்தட்ட ஒன்றுதான், ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. 195/60 R16 போட்டால் விட்டம் 19 மி.மீ. கூடிவிடும், தாழ்த்தப்போகும் காருக்கு அது வேண்டவே வேண்டாம். பக்கச்சுவர் 120 மி.மீட்டரிலிருந்து 107 ஆகக் குறைகிறது என்பதையும் மறக்காதீர்கள். பள்ளத்தில் விழும்போது தாங்கும் ரப்பர் அந்த அளவுக்குக் குறைந்திருக்கிறது.

2. ரிம்மின் ஆஃப்செட்

டயர் உரசினால் எல்லோரும் ஸ்பிரிங்கையே குறை சொல்கிறார்கள். ரிம்மையும் பாருங்கள். ரிம் அகலத்தின் நடுக்கோட்டுக்கும் அது காரில் ஒட்டும் முகத்துக்கும் உள்ள தூரம்தான் ஆஃப்செட், மி.மீ. கணக்கில்; எண் குறைந்தால் சக்கரம் வெளியே தள்ளும். 6 இஞ்ச் அகலம், ஆஃப்செட் 45 இருந்த இடத்தில் 7 இஞ்ச், ஆஃப்செட் 38 போட்டால், வெளி விளிம்பு ஏறத்தாழ 20 மி.மீ. வெளியே வந்துவிடும். அகலமும் ஆஃப்செட்டும் பழைய ரிம்மை ஒட்டியே இருக்கட்டும்.

3. மீதி இருக்கும் ஓட்டத்தை அளப்பது

நான் தவறவிட்ட படி இதுதான். காரைத் தாழ்த்தும்போது, ஷாக் அப்சார்பர் மேலும் அமுங்குவதற்கு இருக்கும் தூரமும் குறைகிறது. அந்தத் தூரம்தான் ஓட்டம். அது தீர்ந்தால், கடைசித் தடுப்பாக இருக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் போய் இடிக்கும்.

பழைய ஸ்பிரிங் இருக்கும்போதே அளந்துவிடுங்கள். காலி கார் சமதரையில் நிற்கட்டும். பின் ஷாக் அப்சார்பரின் தூசி உறையை மேலே தள்ளி, பளபளக்கும் தண்டில் ஒரு கேபிள் டையை இறுக்கி, உருளையின் வாய்வரை கீழே இறக்கி வையுங்கள். நான்கு பேரையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு, வழக்கமாகப் போகும் வழியில் ஓட்டுங்கள். திரும்பி வந்து எல்லாவற்றையும் இறக்கியபின் பார்த்தால், கேபிள் டை தண்டில் மேலேறி நிற்கும். உருளைக்கும் டைக்கும் நடுவே இருப்பது செலவான ஓட்டம். டைக்கும் பம்ப் ஸ்டாப்பின் அடிக்கும் நடுவே இருப்பது மீதி.

என் காரில் பின்பக்க மீதி 32 மி.மீ.தான். 40 மி.மீ. தாழ்த்தினால் இடிக்காமல் என்ன செய்யும்? மீதியில் ஏறத்தாழ முக்கால் பங்குக்கு மேல் தாழ்த்துவதில்லை என்பது நான் வைத்துக்கொண்ட வரம்பு. 32க்கு அது சுமார் 24; அதனால்தான் 25 மி.மீ. ஸ்பிரிங்.

4. வாங்குவது

சுருள்களின் இடைவெளி ஒரே சீராக இல்லாத புரோகிரஸிவ் வகையே என் தேர்வு. சிறு குலுக்கலை மென்மையாக வாங்கி, சுமை ஏற ஏற விறைக்கும். ஐபாக், எச் அண்ட் ஆர், டீன் போன்ற நிறுவனங்களில் உங்கள் மாடலுக்கென்றே செய்ததைத் தேடுங்கள். பழைய ஸ்பிரிங்கை வெட்டிப் போட ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். சக்கரம் தொங்கும்போது குட்டையான ஸ்பிரிங் தான் உட்காரும் தட்டை விட்டு நழுவக்கூடும். ஷாக் அப்சார்பர் பழையதென்றால் அதையும் சேர்த்தே மாற்றுங்கள். தளர்ந்த ஷாக்கால் விறைப்பான ஸ்பிரிங்கை அடக்க முடியாது.

5. பொருத்தும் நாள்

முன்பக்கம் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்ட்ரட்டில் ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கும். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாமல் மேல் நட்டைத் தொடாதீர்கள். பின்பக்கம் ஸ்பிரிங்கை எடுத்தபின், புதியதைப் போடுவதற்கு முன், அச்சை இருபுறமும் ஜாக்கியால் பம்ப் ஸ்டாப் அமுங்கும்வரை உயர்த்தி, டயர் எங்காவது தொடுகிறதா என்று கைவிட்டுப் பாருங்கள். ரப்பர் புஷ்களைப் பிடிக்கும், அவிழ்த்த போல்ட்டுகளை, கார் தன் சக்கரங்களில் நிற்கும்போதுதான் இறுதியாக முறுக்க வேண்டும். பிறகு வீல் அலைன்மென்ட்டும் ஹெட்லைட் உயரமும்.

பின்சேர்க்கை: டீசல் ஸ்விஃப்டில் இதே ஸ்பிரிங்கைப் போட்டபின் முன்பக்கம் மட்டும் அதிகம் இறங்கிவிட்டதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். டீசல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சினைவிடக் கனமானது; அந்தக் கூடுதல் எடை முன்பக்கம்தான் விழுகிறது. பெட்ரோல், டீசல் இரண்டுக்கும் பார்ட் எண் வேறாக இருக்கலாம்; பெட்டியின் மேல் இருப்பதைப் படித்துவிட்டுப் பிரியுங்கள்.