கடலோரத்தில் முட்டை பொரிக்க வைக்கிறீர்களா? முதலில் தண்ணீர்த் தட்டைக் காலியாக விடுங்கள்

போன சித்திரையில் முதல் முறையாக இன்குபேட்டரில் (கோழி இல்லாமல் முட்டை பொரிக்கும் சூட்டுப் பெட்டி) 20 நாட்டுக்கோழி முட்டை வைத்தேன். வீடியோவில் ஒருவர் சொன்னபடி இரண்டு தட்டு நிறையத் தண்ணீர் ஊற்றி, வற்ற வற்ற நிரப்பி, பச்சைப் பிள்ளையைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டேன். ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்ததில் 16 முட்டையில் கரு இருந்தது. 21ஆம் நாள் வெளியே வந்தது நான்கே நான்கு. இரண்டு நாள் பொறுத்து மீதியை உடைத்துப் பார்த்தால், பெரும்பாலானதில் முழுதாக வளர்ந்த குஞ்சு, இறகெல்லாம் சொதசொதவென்று, அலகுவரை நீர் கோத்துச் செத்துக் கிடந்தது. பக்கத்தில் நின்ற அப்பத்தா ஒரே கேள்விதான் கேட்டது: "ஏன்டா, கோழி என்ன தண்ணிச் சட்டியை வச்சுக்கிட்டா அடை படுக்குது?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதில்தான் விஷயம் புரிந்தது. முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. முதல் 18 நாளில் அதன் வழியாக முட்டை தன் எடையில் 11 முதல் 13 சதவீதத்தை நீராவியாக விட வேண்டும். அப்படி நீர் போன இடத்தில்தான் அகலமான முனையில் காற்றறை பெரிதாகும். குஞ்சு ஓட்டைக் கொத்துவதற்கு முன்னால் முதல் மூச்சு விடுவது அந்தக் காற்றறையில். உள்ளே ஈரம் அதிகமாக இருந்தால் நீர் போகாது, காற்றறை சிறுத்துவிடும், குஞ்சு முட்டைக்குள்ளேயே மூழ்கிப்போகும். என் பன்னிரண்டு முட்டையில் பெரும்பாலானதுக்கு நடந்தது இதுதான்.

சரி, பொதுவாகச் சொல்லும் அளவு என்ன? முதல் 18 நாள் ஈரப்பதம் 45 முதல் 55, கடைசி மூன்று நாள் 65 முதல் 75. இந்த அளவில் தப்பே இல்லை. அதை எட்டுவதற்குத் தண்ணீர் வேண்டுமா வேண்டாமா என்பதுதான் ஊருக்கு ஊர் மாறும். காற்றைச் சூடாக்கினால், அதில் இருக்கும் நீர் அப்படியே இருந்தாலும், ஈரப்பத சதவீதம் இறங்கும். நம் ராமநாதபுரம் கடற்கரையில் 30 டிகிரியில் 75 சதவீத ஈரத்தோடு இருக்கும் காற்று இன்குபேட்டருக்குள் போய் 37.5 டிகிரிக்குச் சூடானால் கிட்டத்தட்ட 49 சதவீதத்தில் வந்து நிற்கும். அதாவது தண்ணீரே வைக்காமல் சரியான அளவு! ஐப்பசி மழையில் சுவரெல்லாம் ஓதமாக இருக்கும்போது 26 டிகிரி, 90 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதைச் சூடாக்கினாலும் 47தான் வரும். மழைக்காலத்தில் உள்ளே ஈரம் எகிறிவிடும் என்று பயப்படுகிறவர்கள் இதைக் கவனியுங்கள், நம் தோலுக்குத் தெரியும் ஈரம் வேறு, முட்டைக்குத் தெரியும் ஈரம் வேறு.

பரமக்குடி, கமுதி என்று கடலை விட்டு உள்ளே தள்ளி இருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கோடையில் வீட்டுக்குள் 36 டிகிரி, 40 சதவீதம் என்று இருந்தால் இன்குபேட்டருக்குள் 37 சதவீதத்துக்கு வந்துவிடும், அங்கே ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தே ஆக வேண்டும். மண்டபம், பெரியபட்டினம், கீழக்கரை, வாலிநோக்கம், தேவிபட்டினம் என்று கடலை ஒட்டி இருப்பவர்கள் மட்டும் தட்டைக் காலியாக விட்டு ஆரம்பியுங்கள். முட்டை வைப்பதற்கு முன்னால் ஒரு நாள் முழுக்க வெறும் பெட்டியை ஓட்டிப் பாருங்கள். ஈரப்பதம் 40க்குக் கீழே போனால் மட்டும் தண்ணீர், அதுவும் சிரட்டை அளவு. ஈரத்தைக் கூட்டுவது தண்ணீரின் ஆழம் இல்லை, அதன் பரப்பு. ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரை விட ஒரு தட்டில் விரல் கனத்துக்கு ஊற்றிய தண்ணீர் அதிக ஈரம் தரும்.

மீட்டர் காட்டுவதை நம்பலாமா என்று கேட்டால், விலை குறைந்த ஹைக்ரோமீட்டரை (ஈரப்பதம் காட்டும் மீட்டர்) நம்பவே கூடாது, 5, 10 சதவீதம் முன்னே பின்னே காட்டும். சோதிக்க உப்புப் போதும். ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, ஈர மணல் மாதிரி ஆகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள், கரையக் கூடாது. அதையும் மீட்டரையும் ஒரு ஜிப் கவரில் வைத்து மூடி, எட்டு மணி நேரத்துக்கு மேல் வீட்டுச் சூட்டிலேயே விடுங்கள். மீட்டர் 75 காட்ட வேண்டும். 82 காட்டினால் அது எப்போதும் 7 கூடக் காட்டுகிறது என்று மேலேயே ஒரு பிளாஸ்திரி ஒட்டி எழுதிவிடுங்கள். நம் ஊரில்தான் உப்பு மலையாகக் கிடக்கிறதே என்று உப்பளத்திலிருந்து அள்ளிவந்த உப்பைப் போடாதீர்கள், நான் போட்டு ஏமாந்தேன். கழுவாத உப்பில் மக்னீசியம் இருக்கும் (சும்மா வைத்தாலே கசிகிறதே, அதனால்தான்), அது 75க்குக் கீழே காட்டிவிடும். கடையில் வாங்கும் தூள் உப்பு போதும்.

மீட்டரை விட எனக்கு நம்பிக்கை தராசில்தான். 1 கிராம் காட்டும் சமையல் தராசு இருந்தால் வேறு எதுவும் வேண்டாம். பத்து முட்டையைச் சேர்த்து நிறுத்து எழுதி வையுங்கள். நாட்டுக்கோழி முட்டை 45 கிராம் என்றால் பத்துக்கு 450 கிராம். 18 நாளில் 12 சதவீதம் என்பது 54 கிராம், அதாவது பத்து முட்டைக்கு ஒரு நாளைக்கு 3 கிராம். ஏழாம் நாள் நிறுத்தால் 429 வாக்கில் இருக்க வேண்டும். 440 இருந்தால் ஈரம் அதிகம், தட்டை எடுத்துவிட்டுக் காற்றுத் துளையை இன்னும் கொஞ்சம் திறங்கள். 420க்குக் கீழே போயிருந்தால் கொஞ்சம் தண்ணீர் வையுங்கள். ஒரு நாள் 60 காட்டியது, மறுநாள் 40 காட்டியது என்று பதற வேண்டாம், 18 நாளைக்குமான மொத்தக் கணக்கு சரியாக வந்தால் போதும்.

ஈரப்பதத்தில் இந்தத் தாராளம் உண்டு. வெப்பத்தில் கிடையாது. உள்ளே ஃபேன் ஓடும் பெட்டி என்றால் 37.5, ஃபேன் இல்லாத பெட்டி என்றால் முட்டையின் மேல்மட்டத்தில் 38.5 வாக்கில். ஃபேன் இல்லாவிட்டால் சூடு மேலே ஏறி நிற்கும், அதனால் சென்சாரை மூடியில் தொங்கவிட்டால் ஒரு கணக்கு, தரையில் போட்டால் இன்னொரு கணக்கு. முட்டையின் தலை உயரத்தில் கட்டுங்கள். ஒரு டிகிரி குறைந்தால் குஞ்சு ஒரு நாள் தாமதமாக வரும், அவ்வளவுதான். ஒரு டிகிரி கூடவே ஓடினால் 19, 20ஆம் நாளே வந்துவிடும், தொப்புள் சரியாக மூடாமல். 40ஐத் தாண்டிச் சில மணி நேரம் நின்றால் மொத்தமும் போயிற்று.

நான் பெட்டி செய்தது மீன் ஏற்றும் தெர்மோகோல் பெட்டியில். நண்டு, கணவாய் பேக் செய்து மிச்சமான பெட்டி கரையில் எப்போதும் கிடைக்கும். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி ஒரு நாள் வெயிலில் காய வைத்தால் நாற்றம் போய்விடும், இல்லாவிட்டால் பூனை பெட்டியை விட்டு நகராது. 40 வாட் குண்டு பல்பு இரண்டு, ஒன்று ஃபியூஸ் போனாலும் இன்னொன்று தாங்கும். பழைய கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்று, கீழே இரண்டும் மேலே இரண்டுமாகத் துளை. பல்பின் சூடு நேராக முட்டையில் அடிக்காமல் நடுவில் ஒரு தகரம். சூட்டைப் பார்த்துப் பல்பை ஏற்றி அணைக்கும் தெர்மோஸ்டாட், 'டபிள்யூ 1209' என்று விற்கிறதே, அதுதான். அதில் பி0 என்ற செட்டிங்கை ஹெச்சில் (சூடாக்க) வையுங்கள், சியில் (குளிர்விக்க) இருந்தால் சூடானபோது பல்பு எரியும், குளிர்ந்தபோது அணையும், எல்லாம் தலைகீழ். பி1, அதாவது எத்தனை டிகிரி இறங்கினால் பல்பு மறுபடி எரியும் என்பது, வாங்கும்போது 2 டிகிரியில் இருக்கும், அதை 0.3க்குக் குறையுங்கள். வீட்டில் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் பி4இல் திருத்துங்கள். உப்புக் காற்றில் ரிலே (பல்பை ஏற்றி அணைக்கும் உள் சுவிட்ச்) சீக்கிரம் கறுத்துப்போகும், ஒரு நாள் ஒட்டிக்கொண்டு அணையவே அணையாது. அதனால் 38.5இல் வைத்த இரண்டாவது தெர்மோஸ்டாட்டைத் தொடராக மாட்டி வைத்திருக்கிறேன். கூடுதல் செலவுதான், ஒரு முறை அது காப்பாற்றியும் இருக்கிறது.

பெட்டியை எங்கே வைக்கிறோம் என்பது பலர் யோசிக்காத விஷயம். இன்குபேட்டருக்குச் சூடாக்கத் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. தகர ஷீட் போட்ட அறை சித்திரை மதியம் 38ஐத் தொடும், அப்போது பல்பு அணைந்தே இருந்தாலும் உள்ளே ஏறிக்கொண்டே போகும். அதுவும் 15 நாளைக்கு மேல் முட்டையே சூட்டைக் கக்க ஆரம்பித்துவிடும். பனையோலை வேய்ந்த கொட்டகை இருந்தால் அதைவிடத் தோதான இடம் இல்லை. ஆடிக் கச்சான் காற்று வீசும் பக்கத்து ஜன்னல் ஓரத்தில் மட்டும் வேண்டாம், காற்று அடிக்க அடிக்கச் சூடு நிலைக்காது.

கரண்ட் போனால் முதலில் செய்ய வேண்டியது மூடியைத் திறக்காமல் இருப்பது. மேலே இரண்டு சாக்கைப் போர்த்துங்கள். ஒரு மணி நேரம் ஒன்றுமே ஆகாது. அதற்கு மேல் நீண்டால் சுடுதண்ணீர் பாட்டில் இரண்டை உள்ளே வையுங்கள், முட்டையில் படாமல். ஆடியில் ஒரு ராத்திரி நாலு மணி நேரம் கரண்ட் இல்லாமல் 31 வரை இறங்கியது, அந்தத் தடவை குஞ்சு ஒரு நாள் தள்ளி வந்தது, மற்றபடி சேதம் இல்லை. கடைசி வாரத்தில் மட்டும் சாக்குப் போர்த்தினாலும் துளையை அடைக்காதீர்கள், உள்ளே இருப்பது மூச்சு விடுகிறது.

முட்டையைப் பொறுக்குவதிலும் கடலோரக் கணக்கு வேறு. ஏழு நாள்வரை சேர்த்து வைக்கலாம் என்பது குளிர்ந்த அறைக்கு. நம் வீட்டு 30 டிகிரியில் கரு மெல்ல வளர ஆரம்பித்து, பாதியில் சோர்ந்துவிடும். ஈர மணலுக்குள் பதித்த மண்பானையில், கூர்முனை கீழே இருக்க அடுக்கி, நாலு நாளுக்குள் இன்குபேட்டரில் வைத்துவிடுங்கள். வைத்த பிறகு முட்டையை ஒரு நாளைக்கு மூன்று அல்லது ஐந்து தடவை திருப்ப வேண்டும். ஒற்றைப்படை ஏன் என்றால், இரவு நீண்ட நேரம் ஒரே பக்கம் படுக்காமல் ஒரு நாள் இந்தப் பக்கம் மறுநாள் அந்தப் பக்கம் என்று மாறும். ஒரு பக்கம் பென்சிலில் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்தால் சிலந்தி காலை விரித்த மாதிரி சிவப்பு நரம்பு தெரியும். தெளிவாக விளக்கு மாதிரி இருப்பது கூமுட்டை, எடுத்துவிடுங்கள், வெடித்தால் மொத்தப் பெட்டியும் நாறும்.

18ஆம் நாள் இரவோடு திருப்புவதை நிறுத்துங்கள். இதுவரை சேர்த்து வைத்த தண்ணீரையெல்லாம் இப்போது செலவு செய்யலாம். பெரிய தட்டு, அதில் நனைத்த பருத்தித் துணி, 65க்கு மேல் போக வேண்டும். வெந்நீராக ஊற்றுங்கள், பச்சைத் தண்ணீர் ஊற்றினால் சூடு இறங்கும். வெளியிலிருந்தே ஊற்ற ஒரு டியூபைச் செருகி வைத்திருந்தால் நல்லது, ஏனென்றால் இனி மூடியைத் திறக்கக் கூடாது. முதல் முட்டையில் கீறல் விழுந்ததும் ஆசையாகத் திறந்து பார்ப்போம், அந்த ஒரு நிமிடத்தில் ஈரமெல்லாம் வெளியே போய், உள் சவ்வு பாலித்தீன் மாதிரி குஞ்சின் மேல் ஒட்டிக் காய்ந்துவிடும். கீறல் விழுந்து முழுதாக வெளியே வர 12 மணி நேரமும் ஆகும், 24 மணி நேரமும் ஆகும். உள்ளே கீச் கீச் என்று கத்திக்கொண்டே இருக்கும், கை துறுதுறுக்கும். ஓட்டைப் பிய்த்து உதவப் போனால் இரத்த நரம்பு அறுந்து, நம் உள்ளங்கையிலேயே போய்விடும்.

வந்த குஞ்சை அவசரமாக எடுக்கவும் வேண்டாம். வயிற்றில் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு இரண்டு நாளைக்குச் சாப்பாடு. இறகு காய்ந்து புசுபுசுவென்று ஆன பிறகு, ஒரே தடவையில் எல்லாவற்றையும் எடுத்து 34, 35 டிகிரி உள்ள புரூடருக்கு (குஞ்சு வளர்க்கும் சூடான இடம்) மாற்றுங்கள். போன ஐப்பசியில், தட்டு 18 நாளும் காய்ந்தே கிடக்க, கரு பிடித்த 17 முட்டையில் 14 வந்தது. இன்குபேட்டரில் வைக்கிற முட்டைக்கும் இடிக்குக் காவலாக ஒரு கரித்துண்டும் இரும்பும் போட வேண்டும் என்று அப்பத்தா விடவில்லை, மூலையில் போட்டு வைத்தேன், ஃபேனில் படாமல்.