பர்ட்டன் போர்டு வாங்கும் முன் துளையை எண்ணுங்கள்

பர்ட்டன் கம்பெனியின் பழைய ஸ்னோபோர்டு ஒன்று, அதாவது பனிமலையில் நின்றபடி சறுக்கும் பலகை, பாதி விலைக்குக் கிடைக்கிறது. அடிப்பக்கத்தைத் தடவிப் பார்க்கிறீர்கள், பெரிய கீறல் இல்லை. இரும்பு விளிம்பில் துருவும் இல்லை. வாங்கிவிடுகிறீர்கள். பூட்ஸைப் பிடித்துவைக்கும் பைண்டிங், தெரிந்தவர் ஒருவர் சும்மா கொடுத்தது. ஸ்க்ரூட்ரைவரோடு உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, பைண்டிங்கின் நடுத்தட்டில் நாலு துளை சதுரமாக இருக்கிறது. போர்டில் இருப்பவையோ முக்கோணம் முக்கோணமாக நிற்கின்றன. எப்படித் திருப்பினாலும் சேராது.

பர்ட்டனைப் பற்றிப் பேசுகிறவர்களும் அதன் சரக்கை வாங்குகிறவர்களும் செய்யும் தவறுகளில் பாதி இங்கேதான் கிடக்கிறது, கால் பலகையோடு சேரும் இடத்தில். அந்தக் கம்பெனியின் கதை தொடங்கியதும் அங்கேதான்.

பேச்சில் வரும் தவறை முதலில் பார்த்துவிடலாம். ஸ்னோபோர்டைக் கண்டுபிடித்தவர் ஜேக் பர்ட்டன் என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். 1965 கிறிஸ்துமஸ் அன்று, மிச்சிகன் மாநிலத்து மஸ்கீகன் ஊரில், ஷெர்மன் பாப்பன் என்பவர் தன் மகள்கள் விளையாடுவதற்காக இரண்டு ஸ்கீ கட்டைகளைச் சேர்த்துப் பூட்டினார். ஸ்நோவையும் சர்ஃபையும் கலந்து அவர் மனைவி வைத்த பெயர் ஸ்னர்ஃபர். அடுத்த வருஷமே பிரன்ஸ்விக் கம்பெனி உரிமம் வாங்கி விற்க ஆரம்பித்து, லட்சக்கணக்கில் விற்றது. எழுபதுகளில் யூட்டாவில் டிமிட்ரி மிலோவிச் வின்டர்ஸ்டிக் என்ற பெயரில் பலகை செய்தார். கலிஃபோர்னியாவில் டாம் சிம்ஸ் செய்தார். ஆக, பர்ட்டன் வந்தபோது பந்தியில் ஏற்கெனவே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

ஸ்னர்ஃபரில் காலைப் பிடிக்க ஒன்றும் கிடையாது. மூக்கில் ஒரு கயிறு, அவ்வளவுதான். கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, மாட்டு வண்டியில் நின்று ஓட்டுவது போல இறங்க வேண்டும். ஜேக் பர்ட்டன் கார்ப்பென்டருக்கு 14 வயதில் அப்படி ஒன்று கிடைத்தது. ஆசை விடவில்லை. 1977இல் நியூயார்க் வேலையை விட்டுவிட்டு வெர்மான்ட் மாநிலத்தின் லண்டன்டெரிக்குப் போய்ப் பலகை செய்ய ஆரம்பித்தார். 1979இல் மிச்சிகனில் நடந்த ஸ்னர்ஃபர் போட்டிக்குத் தன் சொந்தப் பலகையோடு வந்து நின்றார். அதில் காலை வாரால் பிடித்துவைக்கும் பைண்டிங் இருந்தது. இது ஸ்னர்ஃபரே இல்லை என்று மற்றவர்கள் எதிர்த்தார்கள். சரி என்று தனிப் பிரிவு ஒன்றை ஏற்படுத்தினார்கள். அந்தப் பிரிவில் இறங்கியவர் அவர் ஒருவர்தான், ஜெயித்தவரும் அவர்தான்! அவருடைய கொடை என்ன என்று கேட்டால் நான் அந்த வாரைத்தான் சொல்வேன்.

இன்னொரு தவறு, கம்பெனி பிறந்த கையோடு ஓடியது என்று நினைப்பது. சீக்கிரம் பணக்காரர் ஆகிவிடலாம் என்றுதான் இறங்கினேன் என்று ஜேக்கே பின்னாளில் ஒப்புக்கொண்டிருக்கிறார். நடந்தது வேறு. சுமார் நூறு மாதிரிகள் செய்து பார்த்த பிறகு, முதல் பருவத்தில் விற்றது ஏறக்குறைய 300 பலகை. இரவில் மதுக்கடையில் ஊற்றிக்கொடுக்கும் வேலை, கோடையில் டென்னிஸ் சொல்லிக்கொடுக்கும் வேலை. அவர் சொன்ன கதை ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். 38 பலகைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு கடை கடையாகப் போனார். திரும்பி வரும்போது காரில் 40 இருந்தன. ஒன்றுகூட விற்கவில்லை, அதோடு ஒரு கடைக்காரர் முன்பு வாங்கியதில் இரண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வாங்கியவர்களுக்கும் ஓட்ட இடம் இல்லை. ஸ்கீ மலைகள் பலவும் இவர்களை லிஃப்டில் ஏற்றவே இல்லை. வெர்மான்ட்டில் ஸ்ட்ராட்டன் மலை 1983 வாக்கில் கதவைத் திறந்தது பெரிய திருப்பம். இன்றும் அமெரிக்காவில் ஆல்டா, டியர் வேலி, மேட் ரிவர் கிளென் ஆகிய மூன்று இடங்களில் ஸ்னோபோர்டுக்கு அனுமதி கிடையாது. போர்டோடு பயணம் கிளம்புகிறவர்கள் இதைப் பார்க்காமல் டிக்கெட் எடுத்துவிட வேண்டாம்.

வெர்மான்ட் கம்பெனி என்பதால் போர்டும் அங்கேதான் தயாராகிறது என்று நினைப்பவர்களும் உண்டு. தலைமையகம் பர்லிங்டனில் இருப்பது உண்மைதான். ஆனால் எண்பதுகளின் நடுவிலேயே ஜேக்கும் மனைவி டோனாவும் ஆஸ்திரியாவுக்குப் போய், இன்ஸ்ப்ருக்கில் அலுவலகம் போட்டு, அங்கே ஸ்கீ தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றைப் பிடித்தார்கள். வெறும் மரப்பலகையாக இருந்தது வழுக்கும் பிளாஸ்டிக் அடிப்பாகமும் இரும்பு விளிம்பும் கொண்ட இன்றைய வடிவத்துக்கு வர, அந்த ஸ்கீ கைப்பக்குவம் உதவியது. விளிம்பு இல்லாத காலத்தில் ஆழமான பொடிப்பனியில்தான் ஓட முடியும், இறுகிய பனியில் வழுக்கிக்கொண்டு போகும். வெர்மான்ட்டில் இருந்த போர்டு தொழிற்சாலையை 2010இல் மூடினார்கள். இப்போது அங்கே இருப்பது புது மாதிரிகளைச் செய்து பார்க்கும் பட்டறை. 2003இல் பனிச்சரிவில் இறந்த கிரெய்க் கெல்லி என்ற வீரரின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள்.

பெரிய கம்பெனி தொட்டதெல்லாம் பொன் என்று நம்புவதும் தவறு. 2004இல் ஃபோரம் முதலிய மூன்று பிராண்டுகளை வாங்கினார்கள், 2012இல் இழுத்து மூடினார்கள். தொண்ணூறுகளில் பர்ட்டன் உட்படப் பலரும் வார் இல்லாத, மிதித்தால் மாட்டிக்கொள்ளும் பைண்டிங்கைக் கொண்டுவந்தார்கள். பூட்ஸுக்கு அடியில் பனி ஒட்டி இறுகிவிட்டால் மாட்டாது. பூட்ஸும் கல் மாதிரி விறைப்பு. ஜனங்கள் பேசாமல் வாருக்கே திரும்பிவிட்டார்கள். அப்புறம் 2017இல் ஸ்டெப் ஆன் வந்தது. இதில் அடிப்பக்கத்தில் பூட்டு இல்லை. குதிகாலில் ஒரு பிடி, முன்பாதத்தின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, ஆக மூன்று பிடி. குதிகாலைப் பின்னுக்கு வைத்து அழுத்தி, பிறகு முன்பாதத்தை மிதித்தால் டக்கென்று உட்காரும்.

இந்த ஸ்டெப் ஆனில்தான் இப்போது அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். பைண்டிங்கை மட்டும் வாங்கிவந்து பழைய பூட்ஸை மாட்டப் பார்க்கிறார்கள். மாட்டாது, அதற்கென்றே செய்த பூட்ஸ் வேண்டும். வேறு சில கம்பெனிகளும் உரிமம் வாங்கி அந்த வகை பூட்ஸ் செய்கின்றன என்பதால், பர்ட்டன் பூட்ஸ் காலுக்குப் பொருந்தாதவர்களுக்கும் வழி இருக்கிறது.

முதலில் சொன்ன துளை விஷயத்துக்கு வருவோம். மற்ற கம்பெனிகள் நாலு துளை முறையில் இருந்தபோது பர்ட்டன் நெடுங்காலம் மூன்று துளை முக்கோணத்தில் இருந்தது. பிறகு துளையையே விட்டுவிட்டு, காலுக்கு ஒன்றாகப் போர்டின் நீளவாக்கில் ஒரு பள்ளத்தைக் கொடுத்தார்கள். அதன் பெயர் சேனல். பைண்டிங்கை முன்னே பின்னே நகர்த்தி எங்கே வேண்டுமோ அங்கே இறுக்கலாம், நல்ல யோசனைதான். பைண்டிங் வாங்கும்போது பெட்டியில் இரண்டு பெயர்களில் ஒன்று இருக்கும். ரீஃப்ளெக்ஸ் என்றால் சேனலிலும் உட்காரும், நாலு துளையிலும் உட்காரும். ஈஎஸ்டி என்றால் சேனலில் மட்டும். வேறு கம்பெனி போர்டை எப்போதாவது வாங்கும் எண்ணம் இருந்தால் ஈஎஸ்டி பக்கம் போகாதீர்கள்.

போர்டில் பெயரைப் பார்த்து ஏமாறுவதும் நடக்கிறது. பர்ட்டனின் கஸ்டம் தொண்ணூறுகளில் இருந்து வரும் புகழ்பெற்ற போர்டு. சமதரையில் வைத்தால் நடுப்பகுதி லேசாக மேலெழுந்து நிற்கும், அதைக் கேம்பர் என்பார்கள். விளிம்பு பனியை நன்றாகக் கவ்வும். ஆனால் முதல் நாள் ஓட்டுகிறவருக்கு அந்தக் கவ்வலே வினை: தவறான பக்க விளிம்பு ஒரு நொடி சிக்கினால் தலைகுப்புற விழ வேண்டியதுதான். தொடங்குகிறவர்களுக்கு வளைந்துகொடுக்கும், கவ்வல் குறைந்த போர்டு போதும். நீளத்தை முகவாய் வரை நிறுத்திப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். எடைதான் முக்கியம். பூட்ஸ் பெரிதென்றால் அகலமான போர்டு எடுங்கள், இல்லையென்றால் திரும்பும்போது கால்விரல் நுனி பனியில் இழுபடும்.

டொராண்டோ, சூரிச் பக்கம் நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்டு வாங்குவது இப்போது சகஜம். அங்கே செய்யும் தவறு நமக்குப் பழக்கமானது: அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும் என்று இரண்டு சைஸ் பெரிய பூட்ஸ். உள்ளே குதிகால் தூக்கினால் போர்டு சொன்ன பேச்சைக் கேட்காது. மூன்று நாலு வயதுப் பிள்ளைகளுக்கென்றே பர்ட்டனில் ரிக்லெட் என்ற குட்டிப் போர்டு இருக்கிறது. அதன் மூக்கில் ஒரு சுருள் கயிற்றை மாட்டிப் பெரியவர்கள் சமதரையில் இழுத்துக்கொண்டு போகலாம். ஸ்னர்ஃபரில் குழந்தை பிடித்த கயிறுதான், இப்போது அப்பா கையில்.