கற்பனைகளை அன்போடு கைக்கொள்வது எப்படி?

ஞாயிறு பாடசாலையில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் எப்படியும் ஒரு நாள் கேட்டுவிடுவார்கள்: "அன்பு இருந்தால் போதும் என்றால், பிறகு எதற்கு டீச்சர் பத்துக் கற்பனை?" கற்பனை என்றால் இங்கே வேதாகமத்தில் தேவன் கொடுத்த கட்டளை. நல்ல கேள்விதான். பெரியவர்களிடமும் இதே குழப்பம் இருக்கிறது. சிலர் சட்டமெல்லாம் பழைய ஏற்பாட்டோடு முடிந்தது என்கிறார்கள், சிலருக்குக் காணிக்கையும் ஆராதனை வரவும் ஒழுங்காக இருந்தால் மனம் ஆறிவிடுகிறது. மட்டக்களப்பில் வயலும் வைத்துக்கொண்டு வகுப்பும் எடுக்கிற நான் பழகி வருகிற வழியை எழுதுகிறேன்.

முதலில் யாத்திராகமம் 20ஐ இரண்டாம் வசனத்திலிருந்து வாசியுங்கள். கற்பனைகள் "செய்யாதே" என்று தொடங்கவில்லை, எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து உன்னைக் கொண்டுவந்த தேவன் நான் என்றுதான் தொடங்குகின்றன. விடுதலை முந்தியது, கற்பனை பிந்தியது. தேவனுடைய அன்பைச் சம்பாதிக்க நாங்கள் கற்பனையைக் கைக்கொள்வதில்லை, அவர் முந்தி அன்புகூர்ந்தார் என்பதால் கைக்கொள்கிறோம். இந்த வரிசை மாறினால் மற்றதெல்லாம் பாரமாகிவிடும்.

சரி, இனி லேவியராகமம் 19. "உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக" என்பதை இயேசு இந்த அதிகாரத்தின் 18ஆம் வசனத்திலிருந்துதான் எடுத்தார். அதைத் தனியாக வெட்டிச் சுவரில் மாட்டாமல், சுற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள். வயல் ஓரத்தைத் தீர அறுக்காதே, கூலியை விடியும்வரை வைத்திருக்காதே, செவிடனை நிந்திக்காதே, குருடன் முன்னே தடுக்கலை வைக்காதே, அளவிலும் நிறையிலும் அநியாயம் செய்யாதே. அன்பு என்ற சொல் வட்டைக்கும் (வயல்வெளிக்கும்) சந்தைக்கும் நடுவில் நிற்கிறது!

வாரத்துக்கு ஒரு வசனம் எடுங்கள், அதற்குப் பின்னால் நிற்கிற ஆள் யார் என்று கேளுங்கள், உங்களுக்குத் தெரிந்த ஒருவரின் முகம் வரும்வரை விடாதீர்கள். எனக்குக் கூலி வசனத்தில் ஒரு முகம் வந்தது.

எங்கள் வயல் படுவான்கரைப் பக்கம். ஒரு சனிக்கிழமை பின்னேரம் வரம்பு கட்ட வந்தவருக்குக் கொடுக்க மாற்றிய காசு கையில் இல்லை, "திங்கட்கிழமை வாங்கோ" என்று சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. சைக்கிள் ஹேண்டிலில் வெறும் பை ஒன்று தொங்கியது, வீட்டுக்குச் சாமான் வாங்கிப் போகக் கொண்டுவந்தது. அதை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். அடுத்த நாள் கோயிலில் நான் முன் வாங்கில் இருந்து அன்பைப் பற்றிப் பாடினேன்.

அவர்மேல் எனக்கு அன்பில்லையா என்று யாராவது கேட்டிருந்தால் இருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பேன், பொய்யும் இல்லை. ஆனால் அந்த அன்புக்கு நேரம் தெரியவில்லை. உபாகமம் 24:15க்குத் தெரிந்திருந்தது: பொழுதுபோகுமுன்னே கொடு, அவன் ஏழை, அதன்மேல் ஆவலாயிருக்கிறான். அந்த 'ஆவல்' என்ற சொல்லை வாசித்தபோது எனக்கு மடித்த பைதான் தெரிந்தது.

வயல் ஓரமும் அப்படித்தான். இப்போது பெரும்போக வெட்டு மெசினில்தான் நடக்கிறது, மெசின் மூலைக்குள் சரியாகத் திரும்பாது, கொஞ்சக் கதிர் நிற்கும். அதையும் ஆள் விட்டு வெட்டுவதா, ஏழை யாருக்காவது விடுவதா? மூவாயிரம் வருடப் பழைய வசனம் என் வரம்பில் வந்து கேட்கிற கேள்வி இது.

இரண்டு கற்பனைகள் மோதினால் என்ன செய்வது? மார்கழி வெள்ளத்தில் பக்கத்து வீட்டுக்குள் தண்ணீர் ஏறிய நாள் ஞாயிற்றுக்கிழமை என்று வையுங்கள். பாட்டுப் புத்தகத்தை வைத்துவிட்டு வாளியைத் தூக்குங்கள், ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டானது என்று மாற்கு 2இல் ஆண்டவரே சொல்கிறார். ஆனால் இங்கேதான் நாங்கள் வழுக்குகிறோம். மாற்கு 7இல் தாய் தகப்பனுக்குக் கொடுக்கவேண்டியதைக் 'கொர்பான்', தேவனுக்குரிய காணிக்கை, என்று சொல்லித் தப்பியவர்களும் சமயத்தின் பேரில்தான் கற்பனையை வளைத்தார்கள். ஆகவே வளைக்குமுன் ஒன்று கேளுங்கள்: இதனால் மிச்சம் யாருக்கு? மற்றவருக்கு என்றால் பயப்படாமல் செய்யுங்கள். எனக்கு என்றால் அதற்கு அன்பு என்று பெயர் வைக்கக்கூடாது.

காணிக்கைக் கணக்குக்காரருக்கு மத்தேயு 23:23. சீரகத்திலும் தசமபாகம் (பத்தில் ஒரு பங்கு) கொடுத்தவர்களிடம் இயேசு அதை நிறுத்தச் சொல்லவில்லை, நீதியையும் இரக்கத்தையும் செய்யவேண்டும், அதையும் விடக்கூடாது என்றார்.

தவறிவிட்டால் ஜெபத்தோடு நிறுத்தாதீர்கள். லேவியராகமம் 6இன்படி, எடுத்ததோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கவேண்டும். இயேசுவைச் சந்தித்த வரி வசூலிப்பவன் சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுப்பேன் என்றான், ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு வேறு. சட்டம் கேட்ட கணக்கைத் தாண்டி அன்பு போகும், ஆனால் அதே பாதையால்தான் போகும். சகோதரனுக்கு எங்கள்மேல் குறை உண்டு என்று பலிபீடத்தண்டையில் நினைவு வந்தால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு, முதலில் போய் ஒப்புரவாகச் சொல்லியிருக்கிறது.

நான் அன்று திங்கட்கிழமை வரைக்கும் அவரைக் காக்க வைத்தேன். இப்போது ஆள் பிடித்தால், காலையிலேயே கடையில் காசு மாற்றி, கூலியை எண்ணி, ஒரு கடிதவுறைக்குள் போட்டுக்கொண்டுதான் வயலுக்குப் போகிறேன்.